நடு மட்டும் ஏன் நழுவுகிறது?

கேள்வி: ஒரு பட்டியலைக் கேட்டால் முதலும் கடைசியும் நினைவிருக்கின்றன, நடுவில் வந்தவை போய்விடுகின்றன. கவனக்குறைவா?

இல்லை, எல்லோருக்கும் அப்படித்தான். முதலில் வரும் சொற்களை மனம் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறது. கடைசிச் சொற்கள் அப்போதுதான் கேட்டவை. 1966இல் கிளான்சர், கூனிட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள், பட்டியல் முடிந்ததும் 30 விநாடி எண்களை எண்ண வைத்தார்கள். கடைசிச் சொற்களுக்கு இருந்த சலுகை போய்விட்டது. முதல் சொற்கள் அப்படியே நின்றன. நடுப்பகுதியைத் தனியே எடுத்துப் படியுங்கள்.

கேள்வி: ஓடிபி தட்டும்போது இரண்டு இலக்கங்கள் இடம் மாறிவிடுகின்றன.

எந்த இலக்கம் என்பது நினைவிருக்கும்போதே எத்தனையாவது என்பது மட்டும் தவறலாம். தவறும் இலக்கம் பெரும்பாலும் பக்கத்து இடத்துக்கே போகும். மும்மூன்றாகப் பிரித்து, நடுவே சற்று நிறுத்திச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: மகள் செய்யுளை முதலிலிருந்து கடகடவென்று ஒப்பிக்கிறாள். நடுவில் ஓர் அடியிலிருந்து தொடங்கச் சொன்னால் திணறுகிறாள். மனப்பாடம் ஆகவில்லையா?

ஆகியிருக்கிறது, அவளைத் திட்டாதீர்கள். உயிரெழுத்துகளில் 'எ'வுக்கு முந்தையது எது என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். 'அ ஆ இ ஈ' என்று மனத்துக்குள் ஓடிவந்த பிறகுதான் 'ஊ' கிடைத்திருக்கும். ஒவ்வோர் அடியும் அடுத்த அடியைக் கையைப் பிடித்து இழுத்து வருகிறது. இழுக்க ஆள் இல்லாத இடத்தில் நின்றுவிடுகிறோம். ஒரு பாட்டு முடிந்த சொல்லிலேயே அடுத்த பாட்டைத் தொடங்கும் அந்தாதி எவ்வளவு அருமையான ஏற்பாடு என்று எனக்கு எப்போதும் தோன்றும்!

ஒவ்வொரு முறையும் தலையிலிருந்தே தொடங்குவதால் முதல் அடிக்குத்தான் அதிகப் பயிற்சி கிடைக்கிறது. அதனால் கடைசி அடியை முதலில் படிக்கச் சொல்லுங்கள். அப்புறம் கடைசி இரண்டு, பிறகு மூன்று. சொல்லச் சொல்ல, நன்றாகத் தெரிந்த இடத்தை நோக்கிப் போவாள், தயக்கம் குறையும். இடையிடையே ஏதாவது ஓர் அடியைச் சொல்லி, அங்கிருந்து தொடரச் சொல்லுங்கள்.

கேள்வி: ஏடிஎம் பின் எண்ணைச் சொல்ல வரவில்லை, விரல் மட்டும் சரியாக அழுத்துகிறது. பயப்பட வேண்டுமா?

வேண்டாம். விரல் கற்ற வரிசை வேறு வகை நினைவு. திரும்பத் திரும்ப வரும் ஒரு வரிசையைப் பொத்தான்களில் அழுத்த வைத்து நிசன், புல்லமர் என்ற ஆய்வாளர்கள் 1987இல் சோதித்தார்கள். கடுமையான மறதி நோய் உள்ளவர்களும் அதைக் கற்று, வரவர வேகமாக அழுத்தினார்கள், அப்படி ஒரு வரிசை இருப்பதையே உணராமல். எண் தேவைப்பட்டால் மேசைமேல் விரலை ஓட்டிப் பாருங்கள், வந்துவிடும்.