கரையில் நிற்பவன்தான் அணி

(கடற்கரை ஊர் கால்பந்து அணி ஒன்றுக்கு நீண்ட காலம் மேனேஜராக இருந்தவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: எங்கள் அணியில் பதினெட்டு பேர். பாதிப் பேர் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள். இந்த மேட்சுக்கு இருப்பவன் அடுத்த மேட்சுக்கு இல்லை. நிலையான ஃபார்மேஷன் ஒன்றை எப்படி வைப்பது? – வாசகர், தூத்தூர்

வைக்க முடியாது. நான் வைத்துப் பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்டவன். ஒரு வருஷம் டிவியில் பார்த்த ஆசையில் 3-5-2 என்று இறங்கினேன்: பின்னால் மூன்று பேர், நடுவில் ஐந்து, முன்னால் இரண்டு. அதில் இரண்டு ஓரத்திலும் ஓடுகிறவன்தான் உயிர். மேலே போய் கிராஸ் போடணும், பந்து பறிபோனால் அவனே திரும்பி வந்து தடுக்கணும். நாலு வாரம் அதற்கென்றே இரண்டு பையன்களைப் பழக்கினேன். கால் இறுதிக்கு முந்தின நாள் சாயங்காலம் போன் வந்தது: "அண்ணே, ஐஸ் ஏத்தியாச்சு, கொச்சிக்குப் போறோம்." இரண்டு பேரும் ஒரே மீன்பிடி போட்டில்! அந்த இடத்தில் பள்ளிக்கூடப் பையன்களை இறக்கினேன். ஐந்து கோல் வாங்கினோம். இரண்டாம் பாதியில் ஒருத்தன் ஓரக்கோட்டிலேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தான். அவன் மேல் தப்பில்லை, தப்பு என்னுடையது.

மறுநாள் ஒரு நீள நோட்டு வாங்கி, நடுவில் கோடு போட்டேன். ஒரு பக்கம் 'கரை', ஒரு பக்கம் 'கடல்'. கோலைக் காக்கிற கோலி, அவனுக்கு முன்னால் நின்று தடுக்கிற ஸ்டாப்பர், நடுவில் ஆடுகிற சென்டர் ஹாஃப், முன்னால் நின்று கோல் அடிக்கிற சென்டர் ஃபார்வர்டு, இந்த நாலு இடத்துக்கும் கரைப் பக்கத்திலிருந்து மட்டும்தான் ஆள். ஆட்டோ ஓட்டுகிறவன், கடை வைத்திருப்பவன், காலேஜ் பையன் என்று எந்த ஞாயிற்றுக்கிழமையும் கைக்குக் கிடைக்கிறவர்கள். அவர்களைவிடக் கடல்காரன் திறமைசாலியாக இருக்கலாம், பரவாயில்லை. அவனை ஓரங்களில் போடுங்கள். அவன் இல்லாவிட்டாலும் அணியின் நடு முதுகு நிற்கும். முறை 4-4-2 போதும். பக்கத்தில் ஒருத்தன், பின்னால் ஒருத்தன் என்று யாருக்கும் ஐந்து நிமிஷத்தில் விளங்கும்.

இன்னொன்று. தங்கலுக்கு, அதாவது நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கப் போய்த் திரும்பினவனைக் கரை இறங்கின மறுநாளே முழு மேட்ச் ஆட விடாதீர்கள். தோளும் கையும் இரும்பாக இருக்கும், கால் இருக்காது. போட்டில் ஓட இடம் ஏது? "தரை ஆடுது அண்ணே" என்று சிரிப்பான். கடைசி இருபது நிமிஷத்துக்கு மட்டும் இறக்குங்கள்.

புதுசாக ஏதாவது பழக்கணும் என்றால் மீன்பிடித் தடைக்காலம்தான் நேரம். நம் மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள். போட்டுக்காரப் பையன்கள் எல்லாரும் ஊரில் இருப்பார்கள். மழையில் மைதானம் சேறாகக் கிடக்கும், அது வேறு விஷயம்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. 2017 நவம்பர் 30, ஓகி புயலுக்குப் பிறகு கொஞ்ச மாதம் 'கடல்' பக்கத்தில் எழுத எனக்குக் கை வரவில்லை.

கேள்வி: பெரிய அணிகள் மாதிரி கோலியிடமிருந்தே சின்னச் சின்னப் பாஸாகக் கொண்டுபோகப் பார்த்தோம். மூன்று கோல் வாங்கினோம். விட்டுவிடலாமா? – வாசகர், மார்த்தாண்டம்

மூன்றோடு போச்சே! முன்பெல்லாம் கோல் கிக், அதாவது கோல் பக்கத்திலிருந்து ஆட்டத்தைத் திரும்பத் தொடங்கும் உதை, கோலுக்கு முன்னால் உள்ள பெனால்டி கட்டத்தைத் தாண்டினால்தான் ஆட்டத்தில் சேரும். 2019-இல் சட்டம் மாறியது. இப்போது கட்டத்துக்குள்ளேயே ஸ்டாப்பர் வாங்கலாம். டிவியில் அதைத்தான் பார்க்கிறீர்கள். அவர்களுக்குப் புல்தரை. நமக்கு மணலும் கட்டிப் புல்லும், பந்து எங்கே குதிக்கும் என்று பந்துக்கே தெரியாது. நம் கோலியும் கையால் பிடிக்கப் பழகினவன், காலால் ஆடப் பழகவில்லை.

முழுசாக விட வேண்டாம். வலப்பக்கம் மட்டும், ஒரே ஒரு வழி: கோலி, வலது பேக், ஹாஃப். நெருக்கினால் தூக்கி அடி. இந்த ஒன்று பழகிய பிறகு அடுத்தது. ஒரே வாரத்தில் இரண்டு மாற்றம் வேண்டாம். பலகையில் வரைந்தால் பையன்கள் தலையாட்டுவார்கள், மைதானத்தில் மறப்பார்கள். நான் மணலில் பதினொரு சிரட்டை (தேங்காய் ஓடு) கவிழ்த்து, எதிரணிக்குக் கல் வைத்து, அவனவன் சிரட்டையை அவனையே நகர்த்தச் சொல்வேன். தப்பாக நகர்த்தினால் மற்றவன் கத்துவான், எனக்கு வேலை மிச்சம்.

கேள்வி: எங்கள் கேப்டன் அணியைத் தொடங்கினவர். வயது 37, இப்போது ஓட முடியவில்லை. எப்படி உட்கார வைப்பது? – வாசகர், குளச்சல்

நேரில் சொல்லி. வாட்ஸ்அப்பில் அல்ல, மைதானத்தில் அல்ல, அவர் வீட்டில்.

என்னை நீக்கியதை நான் எப்படித் தெரிந்துகொண்டேன் தெரியுமா? மேட்ச் அன்றைக்கு ஜெர்சி மூட்டையை அவிழ்த்து எல்லாருக்கும் எறிந்தார்கள். கடைசியில் மூட்டை காலி, நான் பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறேன். அந்தக் கயிற்றைத் திரும்ப அவிழ்க்க எவ்வளவு நேரம் எடுத்தது என்று இப்போதும் ஞாபகம்.

அதனால் இன்னொருவரை நீக்கும் முறை எனக்கு வந்தபோது, கேப்டன் வீட்டுக்கே போனேன். கட்டன் சாயா ஆறும் வரை அவர் பேசவில்லை. உள்ளேயிருந்து அவர் மனைவிதான், "அப்பாடா, இனி ராத்திரி முட்டுக்கு எண்ணெய் தேய்க்க வேண்டாம்" என்றார். மூன்று பேரும் சிரித்துவிட்டோம். நீங்கள் போகும்போது சும்மா போகாதீர்கள், ஒரு வேலையைக் கையில் கொண்டு போங்கள். உங்கள் ஊர் செவன்ஸில் (அணிக்கு ஏழு பேர் ஆடும் ஆட்டம்) ஆஃப்சைடு பார்ப்பதில்லை என்றால் எதிரணி கோல் பக்கத்தில் நிற்க வையுங்கள். ஓட முடியாதவருக்கும் அடிக்கத் தெரியும்.

கேள்வி: காசு கொடுத்து வெளியூர் ஆளை இறக்கலாமா? – வாசகர், கருங்கல்

ஒருவரை இறக்கலாம். தினமும் பயிற்சிக்கு வருகிறவன் இடத்தில் அல்ல, ஆளே இல்லாத இடத்தில். எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதை எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிடுங்கள். மறைத்தால் அது இரட்டிப்பாகி ஊரைச் சுற்றும்.

கேள்வி: எங்கள் சிறந்த ஃபார்வர்டை சென்னை கிளப் ஒன்று கூப்பிடுகிறது. திருவிழா டோர்னமென்ட் முடியும்வரை இரு என்று சொல்லலாமா? – வாசகர், முட்டம்

மக்கா, அதைக் கேட்கவே கூடாது. இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர், கொல்கத்தாவின் ஏ.டி.கே. என்று பெரிய கிளப்புகளுக்கு ஆடினார். அவரைப் பார்த்துத்தானே உங்கள் பையன்களும் பூட்ஸ் வாங்குகிறார்கள்? பஸ் ஏற்றிவிட்டு வாருங்கள். வரும்போது, மைதானத்து ஓரத்தில் பந்து பொறுக்கிப் போடுகிற பொடியன்களில் யார் இரண்டு காலாலும் திருப்பி அடிக்கிறான் என்று பாருங்கள். நாளைக்கே அவனுக்கு ஒரு சிரட்டை வையுங்கள்.