ஞாயிறு இரவு பத்தரை மணிக்கு வந்த கணக்கு

அன்புத் தம்பிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

விடுமுறையில் கீழக்கரை வந்திருக்கிறேன். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, கடற்கரையிலிருந்து வீடு திரும்பும் வழியில் உங்கள் செய்தியைப் பார்த்தேன். "காக்கா (அண்ணா), பிசிக்ஸ், டிரிக்னாமெட்ரி இரண்டின் ஹோம்வொர்க்கும் கையை மீறிப் போகின்றன. இந்த ஊரில் யாரிடம் கேட்பது? காசு கொடுத்தால் செய்து தருகிறார்களாம், அது சரிவருமா? இந்தக் கணக்கில் மட்டும் எங்கே தப்பு என்று சொல்லுங்கள்" என்று எழுதி, படமும் அனுப்பியிருந்தீர்கள். இங்கே காலை எட்டு என்றால் நீங்கள் இருக்கும் அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஞாயிறு இரவு பத்தரை மணி, கெடுவோ 11.59. நான் உடனே பதில் அனுப்பாததற்கு வருத்தம் வேண்டாம். அந்த நேரத்தில் யார் அனுப்பும் பதிலும் உங்களுக்குப் பாடமாகாது, படியெடுக்கத்தான் உதவும்.

உதவி அங்கே நிறையவே இருக்கிறது. அது பகலில் இருக்கிறது என்பதுதான் சிக்கல். பெரும்பாலான கல்லூரிகளில் கணக்குக்கும் இயற்பியலுக்கும் முன்பதிவு இல்லாமல் போய் உட்காரக்கூடிய டியூட்டரிங் சென்டர் உண்டு, அதற்கான செலவு நீங்கள் கட்டிய கட்டணத்திலேயே அடங்கிவிடுகிறது. பேராசிரியரின் 'ஆபீஸ் அவர்ஸ்' என்று பாடத்திட்டத் தாளில் அச்சிட்டிருப்பதை நானும் முதல் பருவத்தில் தவறாகத்தான் புரிந்துகொண்டேன். அவர் அலுவலக வேலை பார்க்கும் நேரம், தொந்தரவு செய்யக் கூடாது என்று நினைத்து, அந்த இரண்டு மணி நேரமும் அவர் அறைப் பக்கமே போகாமல் இருந்தேன். அது மாணவர்களுக்காகவே அவர் கதவைத் திறந்து வைத்திருக்கும் நேரம் என்பது எனக்கு விளங்குவதற்குள் நடுப்பருவத் தேர்வு முடிந்திருந்தது.

போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். "சார், ஒன்றுமே புரியவில்லை" என்றால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. படம் வரைந்து, விசைகளைக் குறித்து, மூன்றாவது வரியிலேயே நின்றுபோயிருந்தாலும் அந்தத் தாளைக் கொண்டுபோய் வைத்து, "இதுவரை வந்தேன், இதற்குமேல் போகவில்லை" என்று சொல்லுங்கள். அவர் விடையைச் சொல்ல மாட்டார், "இந்தக் கோணத்தை ஏன் இங்கே வைத்தாய்?" என்று திருப்பிக் கேட்பார். நம் பள்ளிகளில் ஆசிரியர் அப்படிக் கேட்டால் திட்டு விழப்போகிறது என்று பொருள். அங்கே அது உண்மையாகவே கேள்வி, நிதானமாகப் பதில் சொல்லலாம்.

காசு வாங்கிக்கொண்டு செய்து தருபவர்களைப் பற்றிக் கேட்டீர்கள். என் கதையில் காசு இல்லை, ஆனால் குற்றம் அதேதான். இராமநாதபுரத்தில் எம்.எஸ்.சி. படித்த உறவினர் ஒருவருக்கு வாரந்தோறும் கணக்குகளை அனுப்பி, அவர் போட்டுத் தந்ததை அப்படியே எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் இயற்கணிதமும் முக்கோணவியலும் மட்டுமே பயன்படுத்திய பாடத்துக்கு அவர் நுண்கணிதத்தில் விடை எழுதியிருந்தார். புவியீர்ப்பு முடுக்கத்தையும் 9.8 என்று எடுக்காமல் 10 என்று வைத்திருந்தார். பேராசிரியர் என்னைக் கூப்பிட்டு, அதே மாதிரி எளிய கணக்கு ஒன்றைப் பலகையில் போடச் சொன்னார். சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்தத் தாளுக்குச் சுழியம் கொடுத்ததோடு விட்டுவிட்டார். மேலிடத்துக்கு எழுதியிருந்தால் என் இடம் போயிருக்கும், இடத்தோடு விசாவும் போயிருக்கும். யாரோடு சேர்ந்து செய்யலாம், எதுவரை செய்யலாம் என்பது ஒவ்வொரு பாடத்திட்டத் தாளிலும் எழுதியிருக்கும். அதை முதலில் படியுங்கள்.

தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்குப் பாதித் தொல்லை சொற்களில்தான் இருக்கிறது. 'நார்மல் ஃபோர்ஸ்' என்பதை நான் பல நாள் சாதாரண விசை என்றே எண்ணிக்கொண்டிருந்தேன். அங்கே நார்மல் என்றால் தளத்துக்குச் செங்குத்தானது என்று பொருள். ஹைபாட்டனூஸ் நம் கர்ணம்தான், வெக்டர் நம் திசையன்தான். நம் பாடநூல் கழகத்தின் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தையும் பதினொன்றாம் வகுப்பு இயற்பியலையும் தமிழில் ஒன்றும் ஆங்கிலத்தில் ஒன்றுமாக இறக்கி, பக்கத்தில் பக்கம் வைத்துப் படியுங்கள். இரண்டு மொழியிலும் அதே படங்கள்தாம். ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓபன்ஸ்டாக்ஸ் வெளியிடும் காலேஜ் பிசிக்ஸ் புத்தகமும் இலவசம், நுண்கணிதம் இல்லாமல் எழுதப்பட்டது, உங்கள் பாடத்துக்குப் பொருந்தும்.

கால்குலேட்டரையும் சொல்ல வேண்டும். லாக் புத்தகத்தைப் புரட்டித் தேர்வு எழுதியவர்களுக்கு அது புதுப் பொருள். சைன் 30 என்று தட்டினால் 0.5 வர வேண்டும். உங்களுக்குக் கழித்தல் 0.988 வந்தால், கருவி கோணத்தைப் பாகையில் எடுக்காமல் ரேடியன் என்ற வேறு அளவில் எடுக்கிறது என்று பொருள். ஒவ்வொரு முறையும் கணக்கைத் தொடங்குமுன் அந்தச் சைன் 30-ஐ ஒருமுறை தட்டிப் பார்த்துவிடுங்கள்.

ஒருவேளை ஒரு பாடத்தை விட்டுவிடலாம் என்று தோன்றினால், நீங்களாகவே கணினியில் போய் நீக்கிவிட வேண்டாம். எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் இளங்கலை மாணவர் பருவத்துக்குக் குறைந்தது 12 கிரெடிட் (பாட அளவைக் கணக்கிடும் அலகு) எடுத்திருக்க வேண்டும். தகுதிக்கு மீறிய வகுப்பில் அமர்த்தப்பட்டிருந்தாலோ, அந்நாட்டுக் கற்பிக்கும் முறை பழகாமல் திணறினாலோ, குறைத்துப் படிக்க விதியில் இடம் உண்டு. ஆனால் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தின் அனுமதி முதலில் வேண்டும்.

இப்போது நீங்கள் அனுப்பிய படத்துக்கு வருகிறேன். கெடு போய்விட்டதால் இனிச் சொல்லலாம். 30 பாகை சாய்தளத்தில் 20 கிலோ பெட்டி, உராய்வுக் கெழு 0.2, முடுக்கம் கேட்கிறார்கள். எடை 196 நியூட்டன் என்று சரியாக எழுதிவிட்டு, தளத்துக்குச் செங்குத்தான நார்மல் ஃபோர்ஸையும் 196 என்று எழுதியிருக்கிறீர்கள். தப்பு அந்த ஒரு வரியில்தான். நம் கடற்கரையில் மினி லாரியில் பலகையைச் சாய்த்து ஐஸ் கட்டியை இறக்குவதை நினைத்துப் பாருங்கள். பலகையை மணலில் கிடையாகப் போட்டால், கட்டியின் முழு எடையும் பலகையை அழுத்தும். பலகையை நட்டமாக நிறுத்தினால், கட்டி பலகையை அழுத்தாமல் நேரே கீழே விழும். ஆக, சாய்வு கூடக் கூட அழுத்தம் குறைய வேண்டும். பூச்சியம் பாகையில் ஒன்றாகவும் 90 பாகையில் பூச்சியமாகவும் இருப்பது சைனா, கொசைனா? அது தெரிந்துவிட்டால், பலகை வழியே கீழே இழுக்கும் எடையின் கூறுக்கு மற்றது என்பதும் தெரிந்துவிடும். எதை மனப்பாடம் செய்வது என்று குழம்ப வேண்டியதில்லை. சாய்தளம் எந்தப் பக்கம் சரிந்திருந்தாலும் இந்தச் சோதனை கைகொடுக்கும்.

விடையை இங்கே எழுதவில்லை. உங்கள் அடுத்த ஹோம்வொர்க் திறக்கும் அன்றே முதல் இரண்டு கணக்குகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, செவ்வாய்க்கிழமை அந்த டியூட்டரிங் சென்டருக்குப் போங்கள். இந்தக் கணக்கையும் திருத்திப் போட்டு, தாளைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். உங்களுக்கு இரவு ஏழு மணிக்குள் அனுப்பினால் நான் இங்கே சுபுஹு (அதிகாலைத் தொழுகை) முடித்ததும் பார்த்துவிடுவேன். உங்கள் உம்மா நேற்று வீட்டுக்கு வந்திருந்தார்கள், நன்றாகப் படிக்கிறீர்கள் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.