பெட்டியில் போட்டிருக்கும் ‘பார்’ கணக்கைப் பார்த்து பிரஷர் வாஷர் வாங்கலாமா?

வீட்டில் ஒரு கார், இரண்டு பைக். வாசலில் பேவர் பிளாக், மழைக்காலத்தில் பாசி பிடித்துக் கால் வழுக்குகிறது. பத்தாயிரம் ரூபாய்க்குள், தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவும் பிரஷர் வாஷர் தேடினால் ஆன்லைனில் ஐயாயிரத்துக்கே ‘200 பார்’ என்று போட்டிருக்கிறார்கள், பெரிய கம்பெனி மெஷினிலோ அதைவிட அதிக விலைக்கு 110 பார்தான். எதை வாங்குவது? நாலைந்து வருஷமாவது உழைக்க வேண்டும்.
*- வாசகர், திருச்சி*

முதலில் அந்த 200 பாரை ஓரமாக வைத்துவிடுங்கள். பெட்டியில் மூன்று எண்கள் இருக்கும்: பார் (தண்ணீரின் அழுத்தம்), நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், எத்தனை வாட். பாரையும் லிட்டரையும் பெருக்கி 600-ஆல் வகுத்தால், தண்ணீரை அந்த வேகத்தில் தள்ள எத்தனை கிலோவாட் தேவை என்று வந்துவிடும். கெர்ஷர் கம்பெனியின் கே2 மாடலை எடுத்துக்கொள்ளுங்கள்: 110 பார், மணிக்கு 360 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 6. பெருக்கினால் 660, வகுத்தால் 1.1 கிலோவாட். மோட்டார் 1400 வாட். கணக்கு சரியாக உட்காருகிறது. இப்போது 200 பார், நிமிடத்துக்கு 8 லிட்டர், 1500 வாட் என்று போட்ட மெஷினுக்கு அதே கணக்கைப் போடுங்கள். 2.67 கிலோவாட் வரும். 1500 வாட் மோட்டார் அதை எங்கிருந்து கொடுக்கும்? உச்ச அழுத்தமும் உச்ச அளவுத் தண்ணீரும் ஒரே நேரத்தில் வராது என்பதால் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம், ஆனால் இவ்வளவு வித்தியாசம் இருந்தால் அந்தப் பெட்டியில் எழுதியிருக்கும் வேறு எதையும் நான் நம்ப மாட்டேன். வீட்டு வேலைக்கு நிஜமான 100, 120 பார் தாராளம்.

அடுத்து மோட்டார், உழைப்பு என்று நீங்கள் கேட்டதற்குப் பதில் இதில்தான் இருக்கிறது. குறைந்த விலை மெஷின்களில் பெரும்பாலும் மிக்ஸிக்குள் இருக்கும் அதே வகை யுனிவர்சல் மோட்டார்தான், கார்பன் பிரஷ் உள்ளது, எடை குறைவு, சத்தம் அதிகம், பத்து இருபது நிமிடம் ஓட்டினால் ஆறவிட வேண்டும். இன்னொன்று கிரைண்டரில் இருப்பது போன்ற இண்டக்‌ஷன் மோட்டார். கனமாக இருக்கும், சத்தம் குறைவு, தொடர்ந்து ஓட்டினாலும் சீக்கிரம் சூடேறாது, காயில் போனாலும் ஊரில் மோட்டார் வைண்டிங் செய்பவரிடம் கொடுத்துக் கட்டிவிடலாம். பெட்டியில் எந்த மோட்டார் என்று எழுதவே இல்லை என்றால் யுனிவர்சல் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போ எதை வாங்க? வாரத்துக்கு ஒரு தடவை கார், பைக் மட்டும் என்றால் நல்ல கம்பெனியின் யுனிவர்சல் மோட்டார் மெஷினே போதும், உங்கள் பட்ஜெட்டுக்குள் வந்துவிடும். உங்களுக்கு பேவர் பிளாக்கும் இருக்கிறதே, அது அரை நாள் வேலை, நடுவில் நிறுத்த மனசு வராது. அதனால் இன்னும் சில ஆயிரம் சேர்த்து, பம்ப் ஹெட் (தண்ணீர் போகும் பம்பின் தலைப்பகுதி) பித்தளையில் உள்ள இண்டக்‌ஷன் மெஷினாக வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். போர்வெல் உப்புத் தண்ணீர் என்றால் பித்தளை கட்டாயம், அலுமினிய பம்ப் ஹெட்டை அந்தத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும்.

பணம் கட்டுவதற்கு முன் கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி: கன் (கையில் பிடித்து அடிக்கும் துப்பாக்கி), ஹோஸ், சீல் கிட் (பம்ப்பில் தண்ணீர் கசியாமல் தடுக்கும் வளையங்கள்) மூன்றும் தனியாகக் கிடைக்குமா, எங்கே? வீட்டு மெஷின்களில் முதலில் போவது இவைதான். முந்நூறு ரூபாய் சீல் கிடைக்காமல் மொத்த மெஷினும் பரணுக்குப் போவது ரொம்பக் கொடுமை. உங்கள் ஊர் வாட்டர் சர்வீஸ் கடையிலும் ஒரு வார்த்தை கேளுங்கள், எந்த மெஷினுக்கு சாமான் கிடைக்கிறது என்று அவர்களுக்கு அத்துப்படி.

மொட்டை மாடியில் பழைய தட்டோடு பதித்திருக்கிறோம். கறுப்பாகப் பாசி படர்ந்திருக்கிறது. மெஷின் போட்டால் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். அடிக்கலாமா?
*- வாசகி, நாகர்கோவில்*

பளிச்சென்று ஆகும் அம்மா, ஆனால் அடுத்த மழையில் கீழே ஒழுகவும் வாய்ப்பு இருக்கிறது. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவில் பூசிய ஜாயிண்ட் சிமெண்ட்தான் அந்தத் தளத்தின் உயிர். நாள்பட்டால் அது பொரிந்துபோயிருக்கும், கூர்மையான ஜெட் பட்டதும் துண்டு துண்டாகப் பெயர்ந்து வரும். அடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்ட பழைய தளம் என்றால், அந்த இடுக்கு வழியாக இறங்கும் தண்ணீர் உள்ளேயே ஊறிக்கொண்டு கிடக்கும்.

ஒரு சாவியை எடுத்து நாலைந்து இடத்தில் ஜாயிண்டைக் கீறிப் பாருங்கள். மண்ணாக உதிர்ந்தால் மெஷின் வேண்டவே வேண்டாம். பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, அரை மணி நேரம் ஊறவிட்டு, தென்னை விளக்குமாறால் தேய்த்துக் கழுவுங்கள், பாசிக்கு அது போதும். அதோடு ஆசிட் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் சேர்க்காதீர்கள், இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், அது நுரையீரலைப் பாதிக்கும். ஜாயிண்ட் கெட்டியாக இருந்தால் விசிறி போல விரியும் நாசில் போட்டு, இரண்டடி தள்ளி நின்று, சாய்வாக அடிக்கலாம். பிளீச்சிங் தண்ணீரை மெஷினுக்குள் ஊற்றாதீர்கள், சீல் போய்விடும்.

மாடியில் சோலார் பேனல், ஏசி அவுட்டோர் யூனிட் இருந்தால் அவற்றின் பக்கமே ஜெட்டைத் திருப்ப வேண்டாம்.

வாங்கி ஒரு வருஷம்தான் ஆகிறது. மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் மட்டும் விட்டு விட்டு வருகிறது, அழுத்தமே இல்லை. பம்ப் போய்விட்டதா?
*- வாசகர், தாம்பரம்*

அதற்குள் பம்ப்பைக் குறை சொல்ல வேண்டாம், பெரும்பாலும் தண்ணீர் போதாத கோளாறுதான். மொட்டை மாடி டேங்கிலிருந்து கீழ்க் குழாய்க்கு வரும் அழுத்தம் ரொம்பக் குறைவு, பத்து மீட்டர் உயரத்துக்கே ஒரு பார்தான். குழாயைத் திறந்து பத்து லிட்டர் வாளியை நிரப்பிப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் நிரம்பினால் கவலை இல்லை. இரண்டு நிமிடம் ஆகிறதென்றால் மெஷின் கேட்கும் தண்ணீர் அதற்குக் கிடைக்கவில்லை, காற்றையும் சேர்த்து இழுக்கிறது. அப்படி ஓடினால் சீல் காய்ந்து சீக்கிரம் போகும்.

அது சரியாக இருந்தால், மெஷினில் ஹோஸ் மாட்டும் இடத்தில் சின்ன வலை ஃபில்டர் இருக்கும், பிளையரால் மெதுவாக இழுத்தால் வந்துவிடும், போர் மணல் அங்கேதான் அடைத்திருக்கும். நாசில் ஓட்டையையும் ஊசியால் குத்திவிடுங்கள். அப்புறம் மோட்டாரைப் போடாமல் தண்ணீரை மட்டும் திறந்து, கன்னை அழுத்திப் பிடியுங்கள். குமிழி நின்று தண்ணீர் சீராக வந்த பிறகுதான் சுவிட்ச். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும், முடித்ததும் சுவிட்சை அணைத்துவிட்டு, கன்னை அழுத்தி உள்ளே நிற்கும் அழுத்தத்தை விட்டுவிட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் சரியாகாவிட்டால், அல்லது கன்னை விட்ட நிலையிலேயே மோட்டார் தானாகப் போட்டுப் போட்டு நின்றால், வால்வோ சீலோ தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மெக்கானிக்தான்.

என் பையன் ஆசைப்பட்டு அவனே பைக் கழுவுகிறேன் என்கிறான். கொடுக்கலாமா? கரண்ட் பயமும் இருக்கிறது.
*- வாசகி, ஈரோடு*

சின்னப் பையன் என்றால் கொடுக்காதீர்கள், பெரியவன் என்றால் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுங்கள். 16 ஆம்ப் பிளக், சரியான எர்த், 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) மூன்றும் இருந்தால்தான் மெஷினையே போட வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை ஈரத் தரையில் கிடத்தக் கூடாது. காலில் ரப்பர் செருப்பு. பைக்கில் வீல் பேரிங், செயின், வயர் கப்ளர் மேல் நேராக அடிக்க வேண்டாம், டயருக்கும் பெயிண்டுக்கும் ஓரடியாவது தள்ளி நிற்கட்டும்.

கன்னை விளையாட்டுக்குக்கூட ஆள் பக்கம் திருப்பக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். கிட்டத்திலிருந்து ஜெட் பட்டால் தண்ணீர் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே பார்த்தால் ஊசி குத்தின மாதிரிதான் தெரியும், வலிகூட முதலில் பெரிதாக இருக்காது, உள்ளே சதை கெட்டுக்கொண்டிருக்கும். மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல், உடனே அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்குப் போய், பிரஷர் வாஷர் தண்ணீர் பட்டது என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.