விவகாரம் வெடித்த பிறகு வாக்களிக்க வருபவர்கள் யார்?

வணக்கம் ஐயா,

அமெரிக்க அதிபர் தேர்தல் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். 1987-ல், ஜனநாயகக் கட்சி வேட்பாளராகப் போட்டியிட்ட கேரி ஹார்ட்டின் பெண் தொடர்பு செய்தியானது. ஐந்தே நாளில் போட்டியை விட்டு விலகினார். 2023-ல் டிரம்ப் மீது நான்கு குற்ற வழக்குகள் வந்தன. கட்சிக்குள் அவருடைய செல்வாக்கு ஏறியது. மக்கள் ஒழுக்கத்தைப் பற்றிக் கவலைப்படுவதையே விட்டுவிட்டார்களா? இன்னொரு கேள்வி. பிரைமரியில், அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்ட வாக்குப்பதிவில், எந்தக் கட்சிக்குக் கூட்டம் அதிகமோ அதுதான் நவம்பர் அதிபர் தேர்தலில் ஜெயிக்கும் என்கிறார்களே, நம்பலாமா?

ஆர்., மதுரை

அன்புள்ள ஆர்.,

மக்கள் மாறிவிட்டார்கள் என்ற முடிவுக்கு இவ்வளவு சீக்கிரம் போக வேண்டாம். ஹார்ட்டைத் தோற்கடித்தவர்கள் வாக்காளர்கள் அல்ல. மயாமி ஹெரால்டு நாளிதழில் செய்தி வந்தது மே 3, அவர் விலகியது மே 8. முதல் வாக்கு பதிவாகவிருந்த அயோவா மாநிலக் காக்கஸுக்கு (கட்சிக்காரர்கள் கூடி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம்) அப்போது இன்னும் ஒன்பது மாதம் இருந்தது. அந்த ஒன்பது மாதமும் பிரச்சாரக் குழுவை நடத்தப் பணம் வேண்டும். தனிநபர் நன்கொடைக்கு அன்றைய உச்சவரம்பு 1,000 டாலர். ஆகவே ஆயிரக்கணக்கானவர்களிடம் கை நீட்டியாக வேண்டும். விவகாரம் வெடித்தால் முதலில் வற்றுவது இந்தப் பணம், அடுத்து ஆட்கள். வாக்கு கடைசியில்தான் வருகிறது.

அதே ஹார்ட் டிசம்பரில் திரும்பி வந்தார். தேசியக் கருத்துக்கணிப்புகளில் உடனே முதலிடம்! ஆனால் 1988 பிப்ரவரியில் நியூ ஹாம்ப்ஷயரில் கிடைத்தது 4 சதவீதம். எல்லோருக்கும் தெரிந்த பெயர் என்பதால் கணிப்பில் முந்தினார். வீடு வீடாகப் போய்க் கதவு தட்ட ஆள் இல்லாததால் வாக்கில் விழுந்தார்.

பிரைமரியில் வாக்காளர் கட்சி மாற வேண்டியதில்லை என்பதை மனதில் வையுங்கள். நவம்பரில் தன் கட்சி வேட்பாளரைக் கைவிட்டால் எதிர்க்கட்சி ஜெயித்துவிடும் என்ற பயம் இருக்கும். பிரைமரியில் அந்தப் பயம் இல்லை. பக்கத்திலேயே அதே கட்சியின் இன்னொரு வேட்பாளர் நிற்கிறார். அப்படியானால் விவகாரம் பிரைமரியில்தானே கடுமையாகக் கடிக்க வேண்டும்? கடிக்கும். ஆனால் அதை எடுத்துப் பேச கட்சிக்குள்ளேயே ஒருவர் வேண்டும். 2023 ஆகஸ்ட் 23 அன்று மில்வாக்கி விவாத மேடையில் டிரம்ப்போடு போட்டியிட்ட குடியரசுக் கட்சியினர் எட்டுப் பேர் இருந்தார்கள். டிரம்ப் தண்டிக்கப்பட்டாலும், அவர் கட்சி வேட்பாளரானால் ஆதரிப்பீர்களா என்று கேட்டபோது ஆறு பேர் கை தூக்கினார்கள். போட்டியாளர்களே இது பெரிய விஷயமில்லை என்று காட்டிவிட்டால், சாதாரணக் கட்சிக்காரர் எதற்காக மனம் மாறுவார்? அன்று பழிக்கு ஆளாக வேண்டியவர்கள் அந்த ஆறு பேர் என்பது என் உறுதியான கருத்து. வாக்காளர்களைத் திட்டுவது அநியாயம்.

அடுத்தது காலக்கணக்கு. குற்றச்சாட்டு ஊடகத்திலிருந்தோ எதிர்முகாமிலிருந்தோ வந்தால் ஆதரவாளர்களுக்குக் கோபம் கிளம்பும். அந்தக் கோபம் எத்தனை நாள் தாங்கும் என்பதுதான் கேள்வி. 2012 ஜனவரி 19 குடியரசுக் கட்சி விவாதத்தில் வேட்பாளர் நியூட் கிங்ரிச்சிடம் முன்னாள் மனைவியின் குற்றச்சாட்டைப் பற்றிக் கேட்டார்கள். அவர் கேள்வி கேட்டவர் மீதே பாய்ந்தார், அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. இரண்டே நாளில் தென் கரோலினாவில் அவருக்கு 40 சதவீதம், போட்டியாளர் மிட் ராம்னிக்கு 28. அடுத்த பத்தாவது நாள் ஃப்ளோரிடாவில் ராம்னி 46, கிங்ரிச் 32. ஃப்ளோரிடா பெரிய மாநிலம். அங்கே டிவி விளம்பரத்துக்குக் கொட்டப் பணம் வேண்டும், அது ராம்னியிடம்தான் இருந்தது. ஆகவே ஒரு விவகாரச் செய்தியைப் படித்தால் முதலில் நாட்காட்டியைப் பாருங்கள்: அடுத்த வாக்குப்பதிவு எத்தனை நாளில்? அங்கே முன்கூட்டிய வாக்குப்பதிவு தொடங்கிவிட்டதா? தொடங்கியிருந்தால், செய்தி வரும் முன்பே ஒரு பங்கு வாக்கு பெட்டிக்குள் போயிருக்கும், திரும்ப எடுக்க முடியாது. 2020-ல் ஜனநாயகக் கட்சிப் போட்டியிலிருந்து பீட் புட்டிஜெஜ் மார்ச் 1, ஏமி க்ளோபுச்சார் மார்ச் 2 என விலகினார்கள். மார்ச் 3 சூப்பர் ட்யூஸ்டே, பல மாநிலங்கள் ஒரே நாளில் வாக்களிக்கும் நாள். அங்கே முன்கூட்டியே அவர்களுக்கு விழுந்திருந்த வாக்குகள் வீணாயின.

கருத்துக்கணிப்பில் ஏமாறுவது எளிது. 1,000 பேரிடம் கேட்டதாகச் சொல்வார்கள். அதில் அந்தக் கட்சியின் பிரைமரிக்கு வரக்கூடியவர்கள் 400 பேர்தான் என்றால் பிழை வரம்பு ஏறக்குறைய 5 புள்ளி. 'விவகாரத்துக்குப் பின் 3 புள்ளி சரிவு' என்ற தலைப்புச் செய்திக்கு அங்கே பொருளே இல்லை. தவிர, தன் வேட்பாளர் அவமானப்படும் வாரத்தில் ஆதரவாளர் கணிப்பாளரின் போனை எடுக்கத் தயங்குகிறார். அவர் மனம் மாறவில்லை, பேசப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். கணிப்பில் அது சரிவாகத் தெரியும்.

நன்கொடைக்கும் இதே எச்சரிக்கை. 2024 மே 30 அன்று டிரம்ப் குற்றவாளி என்று வந்த தீர்ப்புக்குப் பின் 24 மணி நேரத்தில் 5 கோடி டாலருக்கு மேல் வந்ததாக டிரம்ப் குழு அறிவித்தது. இப்படிப்பட்ட அறிவிப்புகளை உடனே நம்ப வேண்டாம். தேர்தல் ஆண்டில் பெரிய பிரச்சாரக் குழுக்கள் மாதந்தோறும் 20-ம் தேதிக்குள் கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்தில் கணக்குத் தாக்கல் செய்யும். அதைப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

இனி கூட்டம். 2024 ஜனவரியில் கடும் குளிரில் நடந்த அயோவா காக்கஸுக்கு வந்த குடியரசுக் கட்சியினர் சுமார் 1,10,000 பேர். 2016-ல் சுமார் 1,87,000 பேர். டிரம்ப் 51 சதவீதம் வாங்கினார், ஆனால் கூட்டம் குறைவு. எட்டு நாள் கழித்து நியூ ஹாம்ப்ஷயரில் 3,20,000-க்கு மேல் வந்து சாதனை. அது டிரம்ப் அலையா? அங்கே எந்தக் கட்சியிலும் பதியாதவர்கள் விரும்பிய பிரைமரியில் வாக்களிக்கலாம். அவர்களில் பெரும்பகுதி அவரைத் தடுக்க அவருடைய போட்டியாளர் நிக்கி ஹேலிக்குப் போட வந்தவர்கள். ஹேலிக்கு 43 சதவீதம் கிடைத்தது. ஆக, கூட்டம் ஒருவர் மீதான ஆர்வத்தால் மட்டும் வருவதில்லை. வெறுப்பும் ஆட்களைக் கூட்டி வரும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு 1988-ஐப் பாருங்கள். ஜனநாயகக் கட்சி பிரைமரிகளில் சுமார் 2.3 கோடி வாக்கு, குடியரசுக் கட்சியில் சுமார் 1.2 கோடி. நவம்பரில் குடியரசுக் கட்சியின் மூத்த புஷ் 40 மாநிலங்களை வென்றார். 1992-ல் ஜனநாயகக் கட்சிக்கு 1988-ஐவிடக் குறைவான கூட்டம். கிளிண்டன் அதிபரானார், அதுவும் ஜெனிஃபர் ஃப்ளவர்ஸ் என்ற பெண்ணுடனான தொடர்பு விவகாரத்தையும் ராணுவ ஆள்சேர்ப்பைத் தவிர்த்தார் என்ற விவகாரத்தையும் தாண்டி. கூட்டத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் போட்டி எத்தனை வாரம் இழுபறியாக இருந்தது என்பதே. வேட்பாளர் முடிவான பின் நடக்கும் பிரைமரிக்கு ஆள் வருவது குறையும்.

எதிர்ப்பு வாக்கும் அப்படியே. ஹேலி 2024 மார்ச் 6-ல் விலகினார். மே மாதம் இண்டியானாவில் பெயர் சீட்டில் இருந்ததால் ஏறக்குறைய 22 சதவீதம் அவருக்கு விழுந்தது. டிரம்ப் கட்சி உடைகிறது என்று அப்போது பலர் எழுதினார்கள். இண்டியானாவில் நடைமுறையில் யார் வேண்டுமானாலும் எந்தக் கட்சி பிரைமரியிலும் வாக்களிக்கலாம். அந்த 22-ல் எத்தனை பேர் நவம்பரில் குடியரசுக் கட்சிக்குப் போடும் பழக்கமுள்ளவர்கள் என்று அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை. நவம்பரில் டிரம்ப் இண்டியானாவை எளிதாக வென்றார்.