டெல்லிக் குளிர் வீட்டுக்குள்ளேதான் இருக்கிறது

மதுரையிலிருந்து டெல்லிக்கு வேலைக்கு வரப்போகும் தம்பி ஒருவர் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். டெல்லியை ஒட்டிய நொய்டாவில் சாலை முழுக்க வெள்ளை வெளேரென்று ஐஸ் கிடக்கும் படத்தைப் பார்த்தாராம். அங்கே பனிக்கட்டிப் புயல் அடிக்குமா, எப்படித் தயாராவது என்பது முதல் கேள்வி. எந்தப் பகுதியில் வீடு பார்ப்பது, இந்தி தெரியாமல் சமாளிக்க முடியுமா என்பவை மற்ற இரண்டும்.

வீட்டைத் தரகர் பார்த்துக்கொள்வார். இந்தியைக் காய்கறிக்காரர் இரண்டு மாதத்தில் கற்றுக்கொடுத்துவிடுவார். குளிருக்கு வருகிறேன்.

தம்பி, நீங்கள் பார்த்தது 2019 பிப்ரவரி 7 அன்று பெய்த ஆலங்கட்டி மழையாக இருக்கும். கனடாக்காரர்கள் அஞ்சும் பனிக்கட்டிப் புயல் வேறு சரக்கு. மேலே வெதுவெதுப்பான காற்றில் மழையாக இறங்கி, தரையை ஒட்டிய உறைகுளிரில் நுழைந்து, தொட்ட கம்பி, கிளை எல்லாவற்றின் மீதும் கண்ணாடிபோல் உறைந்துகொள்ளும். 1998 ஜனவரியில் மான்ட்ரியால் பக்கம் அந்தப் பாரம் தாங்காமல் மின்கோபுரங்களே மடங்கி விழுந்தன. டெல்லித் தரை அந்த அளவுக்கு உறையாது. டெல்லியின் முக்கிய வானிலை நிலையமான சப்தர்ஜங்கில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 1935 ஜனவரியின் மைனஸ் 0.6 டிகிரிதான்.

உடனே நிம்மதியாகப் பெட்டி கட்டிவிடாதீர்கள். 2019 டிசம்பர் 30 அன்று சப்தர்ஜங்கில் அதிகபட்ச வெப்பநிலை 9.4 டிகிரி. அதிகாலை அளவு அல்ல, பகல் அளவு! அந்தச் சமயத்தில் டொராண்டோவிலிருந்து என் மைத்துனர் வந்திருந்தார். மைனஸ் இருபதைப் பார்த்தவன் என்று முதல் நாள் அரைக்கைச் சட்டையோடு உலாவினார். மூன்றாம் நாள் என் குரங்குக் குல்லாயைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு, சாப்பிடும்போதும் கழற்றவில்லை. அங்கே வீட்டைச் சூடாக்கி வைத்துக்கொண்டு வெளியில்தான் நடுங்குகிறார்கள். இங்கே வீடுகளை மே மாதத்தை மனத்தில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள்: மொசைக் தரை, உயரமான கூரை, சரியாகச் சாத்தாத ஜன்னல். வெயில் வந்த நாளில் மொட்டைமாடியில் சுகமாக இருக்கும். படியிறங்கினால் ஐஸ் பெட்டி. இது வெளிநாட்டு உறவினர் எவருக்கும் புரிவதில்லை.

கம்பளித் துணியை ஊரில் வாங்காதீர்கள். அங்கே விற்பது ஊட்டிக்கு இரண்டு நாள் போவோருக்கானது. காஷ்மீரி கேட் பக்கம் மொனாஸ்டரி மார்க்கெட்டில் மலிவாகவே கிடைக்கும். பஞ்சு ரஜாய், அதாவது பஞ்சடைத்த கனத்த போர்வை, ஒன்று அவசியம். தேங்காய் எண்ணெய் கல்லாகிவிடும். இட்லி மாவு பொங்காது. நாங்கள் பாத்திரத்தையே ரஜாய்க்குள் படுக்கவைக்கிறோம். மூடுபனியில் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும், பொங்கலுக்கு ஊருக்குப் போவதானால் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் டிசம்பர் பிறந்ததும் சென்னைக்கு ஓடிவிட்டு மார்ச்சில் வந்து ‘டெல்லிக் குளிரா, பழகிவிட்டது’ என்பவர்களிடம் மட்டும் யோசனை கேட்காதீர்கள்.

இனிச் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். மூடிய அறையில் கரி அடுப்பு வைக்காதீர்கள். ஜன்னலில்லாத குளியலறையில் கேஸ் கீசர் இருக்கும் வீட்டை, வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வேண்டாமென்று வந்துவிடுங்கள். இவற்றிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். மான்ட்ரியாலில் மின்சாரம் போன வீடுகளிலும் இந்த வாயு உயிர்களைக் குடித்தது.

எனக்கு இது படித்துத் தெரிந்ததல்ல. 1986 டிசம்பரில் மத்திய அரசு எழுத்தர் வேலைக்கு வந்திறங்கியபோது என்னிடம் இருந்தது அம்மா கொடுத்த ஒரு ஜமக்காளம். கரோல் பாகில் ஒரு பர்ஸாத்தி, அதாவது மொட்டைமாடி அறை; திருநெல்வேலிக்காரர் ஒருவர், கும்பகோணத்துக்காரர் ஒருவர், நான். சம்பளம் வந்த அன்று பெருமையாக ஓர் அங்கீட்டி, அதாவது கரி அடுப்பு வாங்கி, கரியை மூட்டி உள்ளே வைத்தோம். காற்று வருகிறதென்று கதவிடுக்கில் பழைய வேட்டியைத் திணித்தவன் நான்தான்.

காலையில் பால்காரர் கூப்பிட்டும் ஒருவரும் எழவில்லை. கீழ்வீட்டுப் பஞ்சாபிப் பாட்டி, பீஜி என்போம், மேலே வந்து கதவை உதைத்துத் திறந்தார். மண்டை பிளக்கும் வலி. கும்பகோணத்துக்காரர் வாந்தி எடுத்தபடி மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பீஜி அங்கீட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போதே திட்டிக்கொண்டு போனார். எனக்கு அப்போது இந்தியே தெரியாது. ஆனால் அந்தப் பஞ்சாபி முழுவதும் புரிந்தது.

அன்று மாலை மூச்சு வாங்க மறுபடி படியேறி வந்தார். தோளில் ஒரு பழைய ரஜாய், ஈரச் சாக்கு மூட்டைபோல் கனம். மார்ச் வரை மூவரும் அதற்குள்தான் படுத்தோம். நடுவில் யார் படுப்பது என்பதில் தினமும் தகராறு.