நிக்கோரண்டில் குடித்தால் பொற்றாசியம் குறையுமா?

தம்பி, மாங்குளத்தில் அப்பாவுக்கு நெஞ்சுவலிக்கு நிக்கோரண்டில் குளிசை தந்திருக்கிறார்கள், அது பொற்றாசியம் வாசலைத் திறக்குமாம், அப்ப உடம்பில் பொற்றாசியம் குறையுமோ, இளநீர் கொடுக்கவோ என்று கேட்டிருந்தீர்கள். குறையாது.

அந்த வாசல்கள் இரத்தக் குழாய்ச் சுவரின் தசைக் கலங்களில் இருக்கின்றன. வழமையாக ஏடிபி என்கிற, கலத்துக்குச் சக்தி தரும் பொருள் மூடி வைத்திருப்பதை மருந்து திறக்க, கொஞ்சம் பொற்றாசியம் வெளியேறி கலத்தின் உட்பக்கத்தில் மறையேற்றம் (எதிர் மின்னேற்றம்) கூடும், அதனால் கல்சியம் நுழைகிற வாசல் திறக்காது, கல்சியம் இல்லாமல் தசை இறுகாது, குழாய் விரிந்துவிடும். வெளியேறுவது மிகச் சிறிதளவு. இரணைமடு வான்கதவைக் கொஞ்சம் உயர்த்தினால் குளம் வற்றுமா?

முதல் நாட்களில் வரும் தலையிடியும் குழாய் விரிவதால்தான். சிறுநீரக வருத்தம் இருந்தால் இளநீர் வேண்டாம். வாயில் ஆறாத புண் வந்தால் உடனே கிளினிக்கில் காட்டுங்கள், குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.