போனஸ் பணத்தில் சப்வூஃபர் வாங்கலாமா?

கேள்வி: சென்னை ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பில் டெக்னீஷியனாக இருக்கிறேன். அயனாவரத்தில் தரைத்தள வாடகை வீடு, ஹால் பத்துக்குப் பன்னிரண்டு அடி. போன வருஷம் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரும் ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரும் தவணையில் எடுத்தேன். மாதம் 3,200 ரூபாய், இந்த மாதத்தையும் சேர்த்து நான்கு தவணை பாக்கி. பாட்டு தெளிவாகக் கேட்கிறது, ஆனால் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, போதவில்லை. அதை மட்டும் தருகிற தனிப்பெட்டியான சப்வூஃபர், சின்னதாக ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். விலை 24,000, ஆறு மாத நோ காஸ்ட் இ.எம்.ஐ. தருகிறார்கள். கிரெடிட் கார்டில் 11,000 நிலுவை உண்டு, மினிமம் மட்டும் கட்டி வருகிறேன். அக்டோபரில் போனஸ் 17,951 ரூபாய் வந்தது. அப்பா தங்கம் வாங்கிப் போடு என்கிறார். என்ன செய்யலாம்?
— பெயர் வேண்டாம் என்ற வாசகர்

பதில்: 17,951 என்றாலே ரயில்வேக்காரர் என்று தெரிந்துவிடும். சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் மாதம் 7,000 ரூபாய் என்று வைத்து, 78 நாளுக்குக் கணக்குப் போட்டால் வருகிற தொகை அது. அதில் 11,000 உங்களுடையது இல்லை, கார்டு கம்பெனியுடையது. முதலில் அதைக் கட்டிவிடுங்கள்.

கார்டு வட்டி மாதம் 3.5 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். 11,000க்கு 385 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 69 ரூபாய். மாதம் 454 ரூபாய் ஒரு பாட்டும் கேட்காமலே போகிறது. முழு நிலுவையையும் கட்டாதவர்களுக்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது என்பதால், கார்டைத் தேய்த்து வாங்கும் மளிகைக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். கட்டும்போது, இன்றைய தேதிவரை வட்டியோடு மொத்தம் எவ்வளவு என்று வங்கியில் கேட்டுக் கட்டுங்கள். 11,000 மட்டும் கட்டினால் அடுத்த பில்லில் ஒரு வால் வந்து நிற்கும்.

நோ காஸ்ட் இ.எம்.ஐ. பற்றி: பூஜ்ஜிய வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. வங்கி வட்டி போடத்தான் செய்கிறது, அந்த அளவைக் கடைக்காரர் விலையில் கழித்துக் காட்டுகிறார். ஆனால் வட்டிமீதான ஜி.எஸ்.டி. உங்கள் தலையில்தான் விழும். பிராசசிங் கட்டணம் தனி. உங்கள் 24,000க்கு இரண்டும் சேர்ந்து நானூறு ரூபாய் அளவில் வரலாம். உண்மையைச் சொன்னால் அது பெரிய பணம் இல்லை. ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்கும் வாய்ப்பு போகிறதே, நஷ்டம் அங்கேதான். அதோடு அந்தத் தவணை, பழைய 3,200க்கு மேல் இன்னொரு 4,000 ஆக வந்து உட்காரும்.

சரி, சப்வூஃபரே வேண்டாமா? வேண்டும் என்றுதான் சொல்வேன். வேலை முடிந்து வந்து பாட்டுக் கேட்பவருக்கு அது வீண்செலவு இல்லை. ஆனால் 24,000 வேண்டுமா என்று பார்ப்போம்.

பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பி 41 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 41 அதிர்வு; எண் குறையக் குறைய ஒலி தாழும். ஐந்து அங்குல வூஃபர் உள்ள சின்ன ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் அறுபது ஹெர்ட்ஸ் பக்கத்திலேயே மூச்சு வாங்கும். இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டு போகுமே, அதன் அடிப்பகுதி உங்களுக்கு எட்டாதது அதனால்தான். ஆனால் பத்தடி அகல அறை தன்பங்குக்கு 56 ஹெர்ட்ஸையும், பன்னிரண்டடி நீளம் 47 ஹெர்ட்ஸையும் தூக்கிக் கொடுக்கும். அதனால் சின்ன ஹாலுக்குப் பெரிய பெட்டி தேவையில்லை, எட்டு அங்குலம் தாராளம். யமஹாவின் என்.எஸ்-எஸ்.டபிள்யூ050 போன்ற எட்டு அங்குலப் பெட்டிகளின் விலையை இரண்டு மூன்று இடத்தில் விசாரியுங்கள். கடைக்காரர் பத்து, பன்னிரண்டு அங்குலம் என்று ஏற்றிவிடப் பார்ப்பார்.

அதற்கும் முன்னால் காசில்லாத ஒரு வேலை இருக்கிறது. இப்போதுள்ள ஸ்பீக்கர்களைச் சுவருக்குப் பக்கமாகத் தள்ளி வைத்து ஒரு வாரம் கேளுங்கள். பேஸ் கூடும். அதுவே போதும் என்று தோன்றினால் பணம் மிச்சம்.

வாங்குவதாக இருந்தால் ஆக்டிவ் வகை, அதாவது உள்ளேயே ஆம்ப்ளிஃபையர் உள்ளதை வாங்குங்கள். உங்கள் ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கம் சப் அவுட், அதாவது சப்வூஃபருக்கென்று தனி இணைப்புத் துளை, இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஸ்பீக்கர் ஒயரிலிருந்தே இணைக்கும் வசதி சப்வூஃபரில் இருக்க வேண்டும். இதைப் பார்க்காமல் வாங்கிவிட்டு, மாற்றித் தர மாட்டேன் என்ற கடைக்காரரோடு மல்லுக்கட்டுபவர்கள் நிறைய. பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் வாட்ஸ் போட்டிருந்தால் அது விளம்பரக் கணக்கு, அதை மறந்துவிட்டு, தொடர்ந்து தரக்கூடிய சக்தியான ஆர்.எம்.எஸ். எவ்வளவு என்று கேளுங்கள். எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள ரிச்சி தெருவில் பழையது பார்த்தால், ஸ்பீக்கரின் அதிரும் கூம்பைச் சுற்றியுள்ள ஃபோம் வளையத்தை விரலால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். உதிர்ந்தால் வேண்டாம். நம்ம ஊர் ஈரப்பதத்தில் அது சீக்கிரம் மக்கும்.

பக்கத்து வீட்டுக்காரருக்கும் இதில் பங்கு உண்டு. தாழ்ந்த ஒலி சுவரைத் தாண்டும். ஓட்டை இல்லாத மூடிய பெட்டி கொஞ்சம் அடக்கமாக இருக்கும், அடியில் ரப்பர் மெத்தை போடலாம், ராத்திரி பத்துக்கு மேல் குறைத்துவிடலாம். ஹவுஸ் ஓனர் காலி பண்ணச் சொன்னால் புது வீட்டு அட்வான்ஸுக்கு எங்கே போவீர்கள்?

இப்போது கணக்கு. கார்டுக்கு 11,000 போனால் 6,951 மிச்சம், வட்டி வால் இருந்தால் அந்த அளவு குறையும். அதைச் சம்பளக் கணக்கில் விடாமல் தனிக் கணக்கில் போடுங்கள். ஜனவரியில் பழைய தவணை முடியும். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மூன்று மாதமும் அந்த 3,200ஐ அங்கேயே போட்டால் 9,600. மொத்தம் 16,551. இதற்குள் அடங்கும் பெட்டியை ஏப்ரலில் ரொக்கமாக வாங்குங்கள். கார்டுக்குக் கட்டிவந்த மினிமம் தொகையை மட்டும் ஆஸ்பத்திரி, அவசரச் செலவுக்கென்று வேறாக வையுங்கள்.

ஏப்ரல்வரை காத்திருப்பதில் இன்னொரு லாபம், மழைக்காலம் போயிருக்கும். சப்வூஃபர் தரையில் உட்காரும் சாமான், உங்களுடையது தரைத்தளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை நம் பக்கத்தை என்ன செய்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் புகுந்தால் வாரண்டி உதவாது. 2021 ஏப்ரலில் வந்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியை வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுச் சாமானுக்கு மட்டும்கூட எடுக்கலாம், வெள்ளச் சேதம் அதில் அடங்கும். பிரீமியம் விசாரித்துப் பாருங்கள். எடுக்காவிட்டாலும் அடுத்த ஐப்பசிக்குள் பெட்டியை ஏற்றி வைக்க ஓர் உறுதியான ஸ்டூலாவது பண்ணிவிடுங்கள்.

அப்பாவிடம் சொல்லுங்கள்: கார்டுக் கடனைச் சுமந்துகொண்டு தங்கம் வாங்குவது, ஆண்டுக்கு நாற்பது சதவீதத்துக்கு மேல் வட்டிக்கு வாங்கி நகை சேர்ப்பதுதான். கடன் முடிந்தபின் அவர் சொல்வதையும் பேசலாம்.

ஏப்ரலில் கடைக்குப் போகும்போது உங்கள் ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். டெமோவுக்கு அவர்கள் போடும் வெடிச்சத்தம் வேண்டாம், நீங்கள் தினமும் கேட்கும் பாட்டைப் போடச் சொல்லிக் கேளுங்கள்.